ரொறன்ரோப் பின்வளவில் மரக்கறிப் பாத்தி: பல பருவம் பாவித்த வேலியும் மண்ணும்

ஸ்காபரோப் பக்கம் 10 அடிக்கு 12 அடி மரக்கறிப் பாத்தி போடுபவர்கள் முதலில் பயப்பட வேண்டியது முயலுக்கு. வேலிக்கான காசை உயரத்தில் போடாமல் அடியில் போடுங்கள்.

பிளாஸ்டிக் வலையை முயல் கடித்து ஓட்டை போட்டுவிடும். கோழிக்கூட்டு வலை மலிவுதான். ஆனால் 2 அங்குலக் கண்ணுக்குள்ளால் முயல்குட்டி நுழையும், புதைந்த பகுதி துருவேறி உதிரும். நின்றுபிடிப்பது அரை அங்குலக் கண் உள்ள கல்வனைஸ்ட் ஹார்ட்வெயர் குளோத், அதாவது துத்தநாகம் பூசிய கம்பி வலை. சுற்றளவு 44 அடி என்பதால் 4 அடி அகலம், 50 அடி நீள உருளை ஒன்று போதும். 3 அடியை நிமிர்த்திக் கட்டி, மிச்ச 1 அடியை வெளிப்பக்கம் மடித்து 2 அங்குல ஆழத்தில் கிடையாகப் புதையுங்கள். விலங்கு வேலியோரத்தில்தான் தோண்டும். அங்கே வலை தட்டுப்பட்டதும் விட்டுவிடும். துரு முதலில் வெட்டிய ஓரத்தில்தான் பிடிக்கும், ஆகவே வெட்டாத ஓரம் மண்ணுக்குள் போகட்டும். கையுறை இல்லாமல் இந்த வலையைத் தொடாதீர்கள்.

கிரவுண்ட்ஹாக் (வளை தோண்டும், அணில் இனத்துப் பெரிய விலங்கு) வரும் வளவுக்கு இது போதாது, அது ஏறும். மேலே இன்னும் ஓரடி வலையைக் கட்டையோடு கட்டாமல் வெளியே சாய விட்டால், ஆடுகிற வலையில் ஏறத் தயங்கும். ரூஜ் பூங்கா ஓரத்து மானுக்கு இந்த உயரம் ஒரு பொருட்டே இல்லை.

இங்கே நிலம் 4 அடி வரை உறையக்கூடும். 2 அடி இறக்கிய மரக்கட்டையை உறைபனி கிளப்பிவிடும். இரும்புக் கட்டையும் கிளம்பும், ஆனால் ஏப்ரலில் சுத்தியலால் தட்டி இறக்கிவிடலாம். தோண்டமுன், நிலத்தடிக் குழாயும் கம்பியும் போகும் இடத்தை அடையாளம் காட்ட ஏற்பாடு செய்யும் ஒன்டாரியோ வன் கோலுக்கு அறிவியுங்கள். இலவசம்தான், ஆனால் சட்டப்படி கட்டாயம்.

வேலி தோற்பது பெரும்பாலும் படலையில். பிணைச்சல் தொய்ந்து கீழே ஓரங்குலத்துக்கு மேல் இடைவெளி விழுந்தால் முயல்குட்டிக்கு அதுவே வழி. படலைக்குக் கீழ் ஒரு பற்றியோக் கல் பதித்துவிடுங்கள். தள்ளுவண்டி போக 3 அடி அகலம் வேண்டும்.

மண் களி. ஏப்ரல் நடுவில் ஒரு பிடி அள்ளிப் பிசைந்து விரலால் தட்டுங்கள். உதிர்ந்தால் கிளறலாம், உருண்டையாகவே நின்றால் பொறுங்கள். ஈரக்களியைக் கொத்தினால் கோடை முழுக்கச் செங்கல்லாய்க் கிடக்கும். மணல் கலக்கவே வேண்டாம், இன்னும் இறுகும். 2 அங்குலத் தடிப்பில் மக்கிய பசளை பரப்ப 20 கன அடி, அதாவது 30 லீற்றர் பை 19 தேவை. பனிக்காலத்தில் டிரைவ்வேயில் அள்ளும் பனியைப் பாத்தியில் கொட்டாதீர்கள். அதில் உப்பு இருக்கும்.

பட்டாணியும் ஸ்பினாச்சும் ஏப்ரல் கடைசியில் போடலாம். விக்டோரியா தினம் (மே 25க்கு முந்திய திங்கள்) கழிந்ததும் எல்லாம் நடலாம் என்பது தக்காளிக்கு அநேகமாகச் சரி. கத்தரிக்கும் மிளகாய்க்கும் இரவு 12 பாகைக்குக் கீழ் இறங்காத ஜூன் முதல் வாரம் பாதுகாப்பு. அதற்கு முந்திய 10 நாளும் நாற்றைப் பகலில் வெளியே வைத்துப் பழக்குங்கள். வெண்டி விதை குளிர்மண்ணில் முளைக்கமுன் அழுகிவிடும், மண் 18 பாகை தாண்டிய பிறகே ஊன்றுங்கள்.