காப்பர்-டி பொருத்தப் போகிறவர்கள் பணம் கட்டும் முன் படியுங்கள்

கடந்த செவ்வாய்க்கிழமை சென்னையில் ஒரு தனியார் மகளிர் மருத்துவமனையில், கருப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனமான காப்பர்-டியைப் பொருத்திக்கொண்டேன். வலி தெரியாமல் செய்வதற்கென்று தனியாக 2,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, அதற்குரிய மருந்தைக் கொடுக்காமலேயே அனுப்பிவிட்டார்கள். அரசு மருத்துவமனையில் இலவசமாகவே பொருத்துகிறார்கள் என்று தெரிந்தும் நான் தனியாரைத் தேடிப் போனது அந்த மருந்துக்காக மட்டும்தான்.

பணம் கட்டும் இடத்தில் இருந்த பெண்ணிடம் என் பயத்தை மறைக்காமல் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “கவலைப்படாதீங்கம்மா, மரத்துப்போற ஊசி போட்டுட்டுத்தான் டாக்டர் கையே வைப்பாங்க” என்றார். அந்த ஒரு வார்த்தையை நம்பி மறுபேச்சில்லாமல் 2,500 ரூபாயைக் கட்டினேன்.

உள்ளே ஊசியும் இல்லை, மரத்துப்போகத் தடவும் ஜெல்லும் இல்லை. கருப்பை வாயை இடுக்கியால் கவ்விப் பிடித்து, ஆழம் அளக்கும் கம்பியை உள்ளே விட்டபோது அடிவயிறு சுருட்டி இழுத்தது. உடம்பெல்லாம் வியர்த்துக் கண் இருட்டியது. ஊசி போடவில்லையா என்று கேட்டதற்கு, “குழந்தை பெத்தவங்கதானே, ரெண்டு நிமிஷம் பல்லைக் கடிச்சுக்கங்க” என்றார் டாக்டர். என் இரண்டு குழந்தைகளும், இடுப்பு வலி எடுக்கும் முன்பே அறுவை சிகிச்சையில் பிறந்தவர்கள் என்பது அவர் கையில் இருந்த கோப்பிலேயே இருந்தது.

கருப்பை வாயைச் சுற்றிப் போடும் லிடோகெயின் (மரத்துப்போகச் செய்யும் மருந்து) ஊசியோ, மேலே தடவும் லிடோகெயினோ வலியைக் குறைக்க உதவக்கூடும் என்றும், வலியைப் பற்றிப் பொருத்தும் முன்பே பெண்ணிடம் பேச வேண்டும் என்றும் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2024இல் வெளியிட்ட பரிந்துரையில் கூறியிருப்பதை அன்றிரவு படித்தபோது அழுகை வந்துவிட்டது. எல்லோருக்கும் ஊசி தேவைப்படாது, சிலருக்கு லேசான வலியோடு முடிந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் நான் வேண்டும் என்று முடிவெடுத்து, அதற்குப் பணமும் கட்டியிருந்தேன்.

ரசீதில் “வலி நிவாரணம் 2,500” என்று இருக்கிறது. கேட்டால், கிளம்பும்போது கொடுத்த ஒற்றை மாத்திரைதான் அது என்கிறார்கள். மறுநாள் போன் செய்தால் டாக்டர் ஆபரேஷன் தியேட்டரில் இருந்தார். அதற்கடுத்த நாள் கணக்குப் பிரிவில் கேட்கச் சொன்னார்கள். கணக்குப் பிரிவிலோ பேக்கேஜ் தொகையைப் பிரித்துத் தர முடியாது என்றார்கள். நேற்று நேரில் போனபோது, அன்று கையைப் பிடித்த அதே பெண், “நான் அப்படிச் சொல்லவே இல்லையே மேடம்” என்றார்.

விரிவாக எழுத நினைத்தேன். வயிறு இன்னும் இழுத்துப் பிடிப்பதால் உட்கார முடியவில்லை. ஊசியா ஜெல்லா என்று டாக்டரிடமே கேளுங்கள். மருந்தின் பெயரை ரசீதில் எழுதி வாங்குங்கள். தாங்க முடியாவிட்டால் பாதியிலேயே நிறுத்தச் சொல்லுங்கள். அப்படிச் சொல்லலாம் என்பதே எனக்கு அப்போது தோன்றவில்லை.