நான்கு கையெழுத்து, 38,500 ரூபாய்: பழைய எல்பி வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

நேற்று சாயங்காலத்திலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறிவிட்டால் வெட்கம் வந்துவிடும், அப்புறம் எழுத மாட்டேன்.

38,500 ரூபாய். பழைய சாமான்களைக் கைமாற்றிவிடும் ஒரு மொபைல் ஆப்பில், பிங்க் ஃப்ளாய்ட் என்ற இங்கிலாந்து ராக் குழுவின் ‘தி வால்’ எல்பி (பெரிய இசைத்தட்டு), குழுவின் நாலு பேரும் அட்டையில் கையெழுத்துப் போட்டது என்று நம்பி வாங்கி ஏமாந்தேன். ஆப்பின் பெயரைப் போடவில்லை. பெயர் போட்டால் அவர்கள்தான் என்மேல் கேஸ் போடுவார்கள் என்கிறான் மகன். எப்படிச் சரிபார்த்து வாங்குவது என்று கடைசியில் விளக்கமாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நான் சும்மா ஆர்வக்கோளாறில் வாங்கியவன் இல்லை. காலேஜ் ஹாஸ்டலில் யாரோ யாரிடமோ பதிந்து, அதிலிருந்து இன்னொருவர் பதிந்த கேசட்டில் கேட்க ஆரம்பித்தவன். பாதிப் பாட்டில் ஒரு மலையாளப் பாட்டு குறுக்கே வரும், அதையும் சேர்த்தே மனப்பாடம். 2002-ல் அந்தக் குழுவில் இருந்த ரோஜர் வாட்டர்ஸ் பெங்களூரில் பாடியபோது கோயம்புத்தூரிலிருந்து ராத்திரி பஸ் பிடித்துப் போனேன். அந்த நாலு பேரின் கதை என் சொந்தக்காரர்கள் கதையைவிட எனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் ஆத்திரமே. தெரியாத விஷயத்தில் ஏமாந்திருந்தால் மனசு ஆறிவிடும்.

போன மாதம் ஒரு ராத்திரி அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. வெள்ளைச் செங்கல் அட்டை. ஒரு செங்கலுக்கு ஒரு கையெழுத்து: வாட்டர்ஸ், கில்மோர், மேசன், ரைட். ‘யுகே முதல் பதிப்பு, 1979. நால்வரும் 2005-ல் லண்டனில் கையெழுத்திட்டது. சான்றிதழ் உண்டு.’ விலை 62,000. விற்கிறவன் நாலு படம் போட்டிருந்தான், நாலும் முன்பக்கம். பச்சை டைல்ஸ் பதித்த சமையலறை மேடையில் வைத்து எடுத்தது. பின்பக்கத்துக்கு ஒரு படம்கூட இல்லை என்பது இப்போது உறைக்கிறது. அன்றைக்கு உறைக்கவில்லை.

மெசேஜ் அனுப்பினேன். அரை மணி நேரத்தில் அவனே கூப்பிட்டான். விலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. “சார், நீங்க ரோஜர் பக்கமா, டேவிட் பக்கமா?” என்று கேட்டான்.

இந்தக் கேள்வி புரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாட்டு வரிகள் பெரும்பாலும் ரோஜர் வாட்டர்ஸ். கிட்டாரும் அந்தத் தேன் குரலும் டேவிட் கில்மோர். இரண்டும் சேர்ந்தால்தான் பிங்க் ஃப்ளாய்ட். ‘தி வால்’ ஆல்பத்தில் எல்லாரும் உருகுகிற ‘கம்ஃபர்டப்ளி நம்ப்’ என்ற மயக்கப் பாட்டுக்கு மெட்டு கில்மோர், வரி வாட்டர்ஸ். அதை எப்படிப் பதிவு செய்வது என்பதிலேயே இரண்டு பேருக்கும் முட்டிக்கொண்டது. அந்த ஆல்பம் தயாராகும்போதே கீபோர்ட் வாசித்த ரிக் ரைட்டை வாட்டர்ஸ் வெளியே அனுப்பினார். பிறகு 1980, 81 மேடை நிகழ்ச்சிகளுக்கு அதே ரைட் சம்பளத்துக்கு வந்து வாசித்தார். செலவு மிஞ்சிப்போய் மற்ற மூன்று பேருக்கும் நஷ்டம், சம்பளத்துக்கு வந்தவருக்கு மட்டும் காசு நின்றது. 1983-ல் வந்த அடுத்த ஆல்பத்தில் ரைட் கிடையாது. 1985-ல் வாட்டர்ஸ் விலகினார். நான் போனால் கடை மூடிவிடும் என்று நினைத்தார் போல. மூடவில்லை. பெயர் யாருக்கு என்று 1986-ல் லண்டன் கோர்ட்டுக்குப் போனார். 1987-ல் கில்மோரும் டிரம்மர் மேசனும் அதே பெயரில் ஆல்பம் போட்டார்கள், விற்றது. அந்த டிசம்பரில் தேம்ஸ் நதியில் நிற்கும் கில்மோரின் படகு வீட்டில் உட்கார்ந்து பாகம் பிரித்துக்கொண்டார்கள். பெயர் இவர்களுக்கு, ‘தி வால்’ வாட்டர்ஸுக்கு, மேடைக்கு மேலே பறக்கவிடும் பன்றி பொம்மையும் அவருக்கு. நம்ம ஊர்ப் பங்காளிச் சண்டைதான்: தோட்டம் உனக்கு, கிணறு எனக்கு.

இதெல்லாம் அவனுக்குத் தெரிந்திருந்தது. படகு வீடு வரைக்கும் சொன்னான். நான் ரோஜர் பக்கம் என்றேன். “அப்படிச் சொல்லுங்கண்ணா! வரி இல்லாம வெறும் கிட்டாரை வெச்சுட்டு என்ன பண்றது?” என்றான். சார் அண்ணாவானது அந்த இடத்தில்தான். பெங்களூர் கச்சேரிக்கு அவனும் வந்திருந்தானாம். மண் தரையில் நின்று கால் வலித்ததைச் சொன்னான். எனக்கும் வலித்தது. ஒன்றேகால் மணி நேரம் பேசினோம். என் மனைவி இரண்டு தடவை எட்டிப் பார்த்து, “ஏங்க, யாருங்க அது, சம்பந்தி வீடா?” என்றாள்.

பிறகு கையெழுத்துக் கதைக்கு வந்தான். 2005 ஜூலை 2, லண்டன் ஹைட் பார்க். லைவ் 8 என்ற இசை நிகழ்ச்சி. 24 வருஷம் கழித்து நாலு பேரும் ஒரே மேடையில். பாட்டு முடிந்ததும் வாட்டர்ஸ் கையைக் காட்டிக் கூப்பிட, நாலு பேரும் தோளில் கை போட்டு நிற்பார்கள். அந்த வீடியோவை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. ஒவ்வொரு தடவையும் கண்ணில் தண்ணி வரும். அன்றைக்கு மேடைக்குப் பின்னால் செக்யூரிட்டி வேலையில் இருந்தது தன் தாய்மாமா என்றான். கூட்டம் கலைந்த பிறகு நாலு பேரிடமும் இந்த அட்டையை நீட்டினாராம். ரைட்தான் முதலில் போட்டாராம், “அவரு எப்பவுமே அமைதிண்ணா.” மாமா இறந்துவிட்டாராம், அத்தைக்கு டயாலிசிஸ் செலவாம். அந்த நாலு பேரும் சேர்ந்து நின்ற ஒரு ராத்திரியை என் வீட்டுக்கு அனுப்பிவைக்கிறேன் என்றான், நான் பையை விரித்தேன். ரெக்கார்டுக்கா காசு கொடுத்தேன்?

62,000 என்றது 38,500-க்கு வந்தது, “உங்களுக்காக அண்ணா.” நாலு பேர் கையெழுத்தும் அசலாக இருந்தால் அந்த விலைக்கு எவன் கொடுப்பான்? அடுத்துத்தான் நான் செய்த மகா மட்டித்தனம். ஆப்பில் முழுத் தொகையும் போட்டால் கமிஷன் பிடிப்பார்கள், 8,500-ஐ மட்டும் ஆப்பில் காட்டிவிட்டு மீதி 30,000-ஐ நேராக யுபிஐ-யில் போடுங்கள் என்றான். போட்டேன். ஐந்தே நாளில் பார்சல் வந்தது. கெட்டியாகச் சுற்றிய பேக்கிங், உள்ளே பளபளக்கும் சான்றிதழ், ஓரத்தில் மின்னுகிற ஸ்டிக்கர். பார்த்ததும் கைகூப்பினேன், சத்தியமாக.

இரண்டாம் நாளே ஃப்ரேம் கடைக்குக் கொண்டுபோனேன். கண்ணாடி போட்டு, பின்னால் அட்டை அடித்து, அதற்கு 1,850. பின்பக்கத்தை நானே ஆணியடித்து மூடிக்கொண்டேன் என்று வையுங்கள்.

பன்னிரண்டாம் நாள், அதாவது நேற்று, ரெக்கார்ட் பிளேயர் ரிப்பேர் செய்யும் நண்பன் வீட்டுக்கு வந்தான். சுவரில் பார்த்தான். ஒன்றும் பேசவில்லை. காபி குடித்து முடித்தபிறகு கேட்டான்.

“மாப்ள, ரைட் எப்ப செத்தாரு?”

“2008 செப்டம்பர். ஏன்?”

“இல்ல, அதைக் கழட்டு.”

“ஏண்டா?”

“கழட்டுடா, பின்னாடி பாக்கணும்.”

ஸ்க்ரூ டிரைவரால் ஆணியைப் பிடுங்கினோம். அட்டையின் பின்பக்கம் கீழே, கண்ணுக்குத் தெரியாத பொடி எழுத்தில் 2016 என்று அச்சாகியிருந்தது. 1979 இங்கிலாந்துப் பதிப்பு என்றால் ஹார்வெஸ்ட் கம்பெனி, எண் எஸ்.எச்.டி.டபிள்யூ 411 என்று இருக்க வேண்டும். இதில் பிங்க் ஃப்ளாய்ட் ரெக்கார்ட்ஸ் என்று போட்டிருந்தது. அந்த லேபிளில் எல்பி வர ஆரம்பித்ததே 2016-ல்தான். 2008-ல் செத்துப்போன மனுஷன் 2016-ல் அச்சடித்த அட்டையில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதுவும் முதல் ஆளாக, அமைதியாக.

நண்பன் அத்தோடு விடவில்லை. “நாலு கையெழுத்தும் ஒரே மார்க்கர், ஒரே அழுத்தம், ஒண்ணுகூட செங்கலுக்கு வெளிய போகல பாரு. ரோஜரும் டேவிடும் ஒரே பேனாவை மாத்தி மாத்தி வாங்கிப் போட்டாங்களாக்கும்?” என்றான். சிரித்தான். எனக்கு அவனை அடிக்கலாம் போலிருந்தது.

உடனே விற்றவனைக் கூப்பிட்டேன். எடுத்தான். “சார், அது மறுபதிப்பு அட்டைக்குள்ள மாமா மாத்தி வெச்சிருப்பாரு சார்.” சாராகிவிட்டேன், கவனித்தீர்களா? சரி, கையெழுத்து எந்த அட்டையில் இருக்கிறது, மாற்றி வைத்த அட்டையில்தானே என்றேன். “டிரைவிங்ல இருக்கேன், அப்புறம் பேசறேன் சார்.” அதற்கப்புறம் சுவிட்ச் ஆஃப்.

ஆப்பின் கஸ்டமர் கேர் தனிக்கதை. முதலில் இயந்திரம் பேசியது: உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம். நான் ‘மோசடி’ என்று அடித்தேன். உங்கள் பார்சல் டெலிவரி ஆகிவிட்டது, மகிழ்ச்சியா என்று கேட்டது. முக்கால் மணி நேரம் கழித்து ஒரு பெண் வந்தார். பொருள் கைக்கு வந்து மூன்று நாளுக்குள் புகார் கொடுக்க வேண்டுமாம். ஆப்பில் காட்டிய 8,500-க்குத்தான் அவர்கள் பேச முடியுமாம், வெளியே போட்ட 30,000 பற்றி அவர்களுக்குத் தெரியவே தெரியாதாம். அந்த 8,500-க்கும் “பொருள் விளம்பரத்தில் உள்ளபடியே இருக்கிறது, ரெக்கார்ட் உடையவில்லை” என்று எழுதி டிக்கெட்டை மூடிவிட்டார்கள். எவ்வளவு திருப்தி என்று ஐந்து நட்சத்திரம் காட்டி ஒரு மெசேஜ் வேறு.

பேங்கில், நீங்களே பின் நம்பர் போட்டு அனுப்பியது சார், நாங்கள் என்ன செய்ய என்றார்கள். சான்றிதழில் இருந்த நம்பர் ஏதோ டிராவல்ஸுக்குப் போகிறது. சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்குப் போன் போட்டுப் பதிவு செய்தேன், அவர்கள் மட்டும் மரியாதையாகக் கேட்டார்கள். இத்தனை நாள் தாமதம், பணம் கணக்கில் இன்னும் நிற்பது சந்தேகம் என்றார்கள். ஸ்டேஷனுக்கும் போனேன். எழுதிக்கொண்டவர் நிமிர்ந்து, “இளையராஜா கையெழுத்துன்னாகூட புரிஞ்சுக்குவேன் சார், யார் சார் இவங்க நாலு பேரு?” என்றார். நியாயமான கேள்விதான். பதில் சொல்ல வாய் வரவில்லை.

ராத்திரி ரெக்கார்ட் சேர்ப்பவர்கள் குழுவில் விஷயத்தைப் போட்டேன். பத்து நிமிஷத்தில் சேலத்துக்காரர் ஒருவர் தனியாக மெசேஜ் அனுப்பினார். அவர் 41,000 கொடுத்திருக்கிறார். அதே செங்கல், அதே நாலு கையெழுத்து, அதே மாமா. அத்தைக்கு மட்டும் இவரிடம் இருதய ஆபரேஷன். “உங்ககிட்ட ரோஜர் பக்கம்னு சொன்னானா? நான் டேவிட் ரசிகருங்க. கிட்டார் இல்லாம வெறும் வரியை வெச்சு என்னண்ணா பண்றதுன்னு என்கிட்ட கேட்டான்” என்றார். வாக்கியத்தைக்கூட அவன் மாற்றவில்லை, திருப்பிப் போட்டிருக்கிறான்.

விளக்கமாக எழுதுகிறேன் என்று சொன்னேன், முடியவில்லை, தலை வலிக்கிறது. சுருக்கமாக: பின்பக்கப் படமும், தட்டின் நடுவே ஒட்டியிருக்கும் லேபிள் படமும் கேளுங்கள், கொடுக்காவிட்டால் விட்டுவிடுங்கள். பதிப்பு எண்ணைத் தேடிப் பாருங்கள். ஆப்புக்கு வெளியே ஒரு பைசா போடாதீர்கள். பார்சல் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். ஏமாந்தது தெரிந்த அந்த மணி நேரத்திலேயே 1930. நுகர்வோர் புகாருக்கு 1915. ஃப்ரேம் போடாதீர்கள். கையெழுத்து இல்லாத இதே ரெக்கார்ட் நாலைந்தாயிரத்துக்குக் கடையிலேயே கிடைக்கிறதாம், நண்பன் இப்போது சொல்கிறான்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அந்த ஆப்பைத் திறந்து பார்த்தேன். வேறு பெயரில், வேறு ஊர் போட்டு, இன்று காலை ஒரு ‘தி வால்’ ஏறியிருக்கிறது. நாலு கையெழுத்து, 2005 லண்டன், விலை 55,000. பின்பக்கம் இல்லை. அதே பச்சை டைல்ஸ்.