கிரேக்க பானபலித் தொகுப்பு: கிண்ணம் அருமை, கூஜா வீண்

பழங்கால கிரேக்கச் சடங்குகளைச் செய்துகாட்டும் குழுக்களுக்காக விற்கப்படும் செம்புத் தொகுப்பு இது. ஃபியாலே என்ற பானபலிக் கிண்ணம் (தெய்வத்துக்கோ இறந்தோருக்கோ ஒயின் முதலியவற்றை வார்க்கும் கிண்ணம்), ஒய்னோகோயே என்ற ஒயின் கூஜா, ஒரு விளக்கத்தாள்.

கிண்ணத்தில் குறை சொல்ல அதிகமில்லை. விட்டம் 20 செ.மீ., ஆழம் 3.5 செ.மீ., தகட்டின் கனம் 1.5 மி.மீ. கைப்பிடியும் இல்லை, அடிவளையமும் இல்லை, அதுதான் சரி. எடை சுமார் 470 கிராம். கி.மு. 4ஆம் நூற்றாண்டு ஏதென்ஸில் விடுதலை பெற்ற அடிமைகள் காணிக்கை வைத்த வெள்ளி ஃபியாலேயின் எடை 100 திராக்மா (பழைய கிரேக்க எடை அளவு), அதாவது சுமார் 430 கிராம். ஏறக்குறைய அதே பாரம்.

கவனித்துப் பார்க்க வேண்டியது நடுக்குமிழை. மலிவான நகல்களில் குமிழை மேலே பற்றவைத்து அடியைத் தட்டையாக விட்டுவிடுவார்கள். ஒயின் ஊற்றியதும் கிண்ணம் கையில் வழுக்கும். இதில் தகட்டையே அடித்து எழுப்பியிருக்கிறார்கள், அடியில் குழிவு இருக்கிறது. இரண்டு விரல்நுனி குழிவுக்குள், கட்டைவிரல் விளிம்பின்மேல். மணிக்கட்டைச் சாய்த்தாலே ஒழுகும். விளிம்புவரை நிரப்பாதீர்கள். குமிழின் தலை வெளியே தெரியும்படி 150 மி.லி. போதும்.

ஒரு குறை: உள்ளே வெள்ளீயப் பூச்சு இல்லை. ஸ்பாண்டே சடங்கில் கொஞ்சம் வார்த்துவிட்டு மீதியைக் குடிப்பார்கள். ஒயினின் புளிப்பு செம்பைக் கரைக்கும், களிம்பு ஏறும். காரீயம் கலக்காத வெள்ளீயம் பூசிய பிறகே வாய் வையுங்கள். அதுவரை தரையில் வார்க்க மட்டும். உடனே கழுவித் துடைத்துவிடுங்கள்.

கூஜாவை மறந்துவிடலாம். மூவிதழாக நெளிந்த வாய் இருந்தால்தான் ஒயின் மெல்லிய தாரையாக விழும். இதற்கு வட்ட வாய். பாதி கழுத்து வழியே வழிந்து கையை நனைக்கிறது.

விளக்கத்தாள் 'எல்லாத் தெய்வங்களுக்கும் ஒயின்' என்கிறது. தவறு. யூமெனிடீஸ் என்ற பழிவாங்கும் தேவதைகளுக்கு ஒயின் ஆகாது, தேனும் தண்ணீரும்தான். இறந்தோருக்குச் செய்யும் கோயேயில் மீதி வைத்துக் குடிப்பதில்லை, முழுக்கத் தரையில் கொட்ட வேண்டும். ஹோமரின் ஒடிசி காவியத்தில், இறந்தோரை அழைக்கத் தோண்டிய குழியைச் சுற்றி முதலில் தேனும் பாலும், அடுத்து ஒயின், மூன்றாவது தண்ணீர், மேலே வாற்கோதுமை மாவு. கலப்பு விகிதத்தையும் தாள் சொல்லவில்லை: பழங்கால கிரேக்கக் கவிஞர் ஹெசியட் சொல்வது மூன்று பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு ஒயின்.

கிண்ணம் தனியாகவும் கிடைக்கிறது. அதை மட்டும் வாங்கி, மிச்சப் பணத்தில் வெள்ளீயம் பூசிக்கொள்ளுங்கள்.