‘ஃபர்ஸ்ட் காப்பி’ என்ற ஒற்றைத்தாள் பட்ஜெட்டைக் காட்டிப் பணம் திரட்டாதீர்கள்

சென்னையில் சிறு படம் எடுக்க வருபவர்களிடம் “ஃபர்ஸ்ட் காப்பி அடிப்படையில் முடித்துத் தருகிறோம்”, அதாவது பேசிய தொகைக்குத் திரையிடத் தயாரான படமாகவே கையில் தருகிறோம் என்று ஒரே தாளில் பட்ஜெட் நீட்டுபவர்கள் இருக்கிறார்கள். அப்படியொரு நிறுவனம் எங்கள் குழுவை ஏமாற்றியது. அந்தத் தாளை நம்பித்தான் முதலீட்டாளர்கள் பணம் போட்டார்கள். படப்பிடிப்பு முடிந்ததும் டி.ஐ. (படத்தின் நிறத்தைச் சீராக்கும் வேலை), 5.1 மிக்ஸிங் (தியேட்டருக்கான ஒலிக்கலவை), டிசிபி (தியேட்டரில் ஓட்டும் டிஜிட்டல் பிரதி) எல்லாம் “தனிக் கணக்கு” என்றார்கள். அதைக் கட்டும்வரை ஃபுட்டேஜ் இருந்த ஹார்ட் டிஸ்க்கைத் தர மறுத்தார்கள். ஃபர்ஸ்ட் காப்பி என்றால் என்னென்ன என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இல்லை. அவர்களுக்குப் பிடி அங்கேதான் கிடைத்தது.

அவர்கள் தாளில் முதலில் பார்க்க வேண்டியது நாள் கணக்கு. 110 பக்கத் திரைக்கதையை நாளுக்கு 4 பக்கம் வீதம் எடுத்தால் 28 நாள். இரவுக் காட்சி, கூட்டம், குழந்தைகள் என்றால் 2 பக்கம் நகர்வதே கடினம். 18 நாள் என்று எழுதினால் நாளுக்கு 6 பக்கத்துக்கு மேல் ஓட வேண்டும். கால்ஷீட் (ஒரு நாளைய வேலை நேரம்) தினமும் நீளும், கூடுதல் பேட்டா (ஆட்களின் தினப்படி) ஏறும், அது உங்கள் தலையில் விழும். எந்தக் காட்சிக்கு என்னென்ன தேவை என்று காட்சிவாரியாக பிரேக்டவுன் போடாத பட்ஜெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது வாடகை. கேமராவுக்கு நாள் வாடகை எழுதிவிட்டு, லென்ஸ், கூட வரும் உதவியாளர்களின் பேட்டா, வண்டி, ஜெனரேட்டர் டீசல் ஆகியவற்றை விட்டுவிடுவார்கள். ஹார்ட் டிஸ்க்கும் அப்படித்தான். யுஹெச்டி (4கே) அளவில் புரோரெஸ் 422 ஹெச்க்யூ என்ற வீடியோ வடிவத்தில், நொடிக்கு 24 ஃபிரேம் பதிவு செய்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 318 ஜிபி. தினம் 2 மணி நேரம் என்றால் 28 நாளில் ஏறக்குறைய 18 டிபி. இரண்டு பிரதிக்கு 36 டிபி. ஒற்றைப் பிரதியோடு நிறுத்துவது மிக ஆபத்து.

அடியில் சின்ன எழுத்தில் “வரி நீங்கலாக” என்று இருக்கும். 18% ஜிஎஸ்டி விழும் செலவுகள் 60 லட்சம் இருந்தால் 10.8 லட்சம் கூடுதலாகத் தேவை. உங்கள் பெயரில் ஜிஎஸ்டி பதிவு இல்லாவிட்டால் அதில் உள்ளீட்டு வரி வரவும் (கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் சலுகை) எடுக்க முடியாது. படத்தில் விலங்கு இருந்தால் விலங்குகள் நல வாரியத்தில் படப்பிடிப்புக்கு முன்பே அனுமதி வாங்க வேண்டும். தணிக்கையின்போது அது இல்லாமல் நகராது. எதிர்பாராச் செலவுக்கு 10% பட்ஜெட்டில் தனி இனமாக நிற்கட்டும். அதை வெட்டித்தான் தொகையைச் சின்னதாகக் காட்டுவார்கள்.

கையெழுத்துக்கு முன் ஃபர்ஸ்ட் காப்பியைப் பெயர்பெயராக எழுதி வாங்குங்கள்: டி.ஐ. முடிந்த மாஸ்டர், 5.1 மற்றும் ஸ்டீரியோ மிக்ஸ், வசனம் நீக்கிய இசை-ஒலி டிராக், திரையில் டைட்டில் எழுத்துகள் இல்லாத பிரதி, சப்டைட்டில், டிசிபி, தணிக்கைச் சான்று, எடிட் புராஜெக்ட் ஃபைல்கள். பணத்தைத் தேதிக்கல்ல, முடிந்த வேலைக்குத் தவணையாகப் பிரியுங்கள். கடைசி 20 விழுக்காடு டிசிபியைத் திரையில் ஓட்டிப் பார்த்த பிறகே. ஹார்ட் டிஸ்க்குகளை நீங்களே வாங்குங்கள். தினமும் படப்பிடிப்பு முடிந்ததும் ஃபுட்டேஜின் ஒரு பிரதி உங்கள் ஆள் கையோடு வீட்டுக்கு வர வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் சேருங்கள்.