வோல்ட்டா, பிரியஸ் பிளக்-இன்னா?

நம்மூரில் ஹைபிரிட் (பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்த கார்) என்று ஓடும் இன்னோவா ஹைகிராஸிலும் கிராண்ட் விட்டாராவிலும் சார்ஜ் போட வழியில்லை. பிரேக் பிடிக்கும்போது மீளும் மின்சாரம் உட்பட எல்லாமே கடைசியில் பெட்ரோல் டேங்கிலிருந்து வருவதுதான். பிளக்-இன் ஹைபிரிட்டில் பேட்டரி பெரிது. வீட்டிலேயே செருகி ஏற்றிக்கொள்ளலாம். அப்படியானால் எஞ்சினுக்கு என்ன வேலை? அமெரிக்கச் சந்தைக்கு அடுத்தடுத்து வந்த இரண்டு கார்கள் இதற்கு ஒன்றுக்கொன்று நேரெதிரான விடை சொல்லின: 2010 கடைசியில் வந்த செவர்லே வோல்ட், 2012-இல் வந்த டொயோட்டா பிரியஸ் பிளக்-இன்.

வோல்ட் அடிப்படையில் மின்சாரக் கார். எஞ்சின் அதற்குத் துணை. 16 யூனிட் கொள்ளும் பேட்டரி, 111 கிலோவாட் மோட்டார். சார்ஜ் இருக்கும்வரை ஆக்சிலரேட்டரை எவ்வளவு அழுத்தினாலும் மோட்டாரே சமாளிக்கும். அமெரிக்க அரசின் சோதனைப்படி முழுச் சார்ஜில் அப்படி ஓடும் தூரம் சுமார் 56 கிலோமீட்டர். பிறகுதான் 1.4 லிட்டர் எஞ்சின் எழுந்து ஜெனரேட்டரைச் சுழற்றும். வேகம் கூடினால் கிளட்ச் சேர்ந்து எஞ்சினின் பலமும் சக்கரத்துக்குப் போகும்.

பிரியஸ் பிளக்-இன்னோ சாதாரண ஹைபிரிட்டான பழைய பிரியஸுக்கே 4.4 யூனிட் பேட்டரி வைத்தது போல. மின்சாரத்தில் சுமார் 18 கிலோமீட்டர். அதிலும் சட்டென்று வேகம் எடுத்தாலோ, 100 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினாலோ, பேட்டரியில் சார்ஜ் இருக்கும்போதே எஞ்சின் உள்ளே வந்துவிடும். மோட்டார் குறையில்லை, சின்ன பேட்டரியால் அதற்கு வேண்டிய மின்சாரத்தை ஒரே நேரத்தில் கொடுக்க முடியாததுதான் காரணம்.

ஆனால் பேட்டரி தீர்ந்த பிறகு நிலைமை தலைகீழ். வோல்ட் லிட்டருக்கு 16 கிலோமீட்டர்கூட எட்டாது. பிரியஸ் 21 தரும். தினமும் 50 கிலோமீட்டர் போய்வந்து இரவில் சார்ஜ் போடுகிறவருக்கு வோல்ட்டில் பெட்ரோலே செலவாகாது, பிரியஸில் ஒன்றரை லிட்டர் போகும். அதே ஆள் ஒரே மூச்சில் 500 கிலோமீட்டர் போனால் வோல்ட் 28 லிட்டர் குடிக்கும், பிரியஸுக்கு 23 போதும். சார்ஜே போடாதவர் கையில் வோல்ட் வெறும் கனமான பெட்ரோல் கார். பேட்டரியே 200 கிலோவை ஒட்டி வரும். காரின் நடுவே அது நீளமாக உட்கார்ந்திருப்பதால் பின்னால் இரண்டு பேருக்குத்தான் இடம்.

விலையும் யோசிக்க வைக்கும். வோல்ட் 41,000 டாலர், பிரியஸ் 32,000. வரிச்சலுகை பேட்டரி அளவைப் பொறுத்தது என்பதால் வோல்ட்டுக்கு 7,500 டாலர் கிடைத்தது, பிரியஸுக்கு 2,500. இடைவெளி பாதிக்கும் கீழே சுருங்கியது.

வோல்ட்டில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. ஒழுங்காகச் சார்ஜ் போடுகிறவர் காரில் எஞ்சின் வாரக்கணக்கில் ஓடாது. ஆறு வாரம் சும்மா கிடந்தால் கொஞ்ச நேரம் ஓட்டட்டுமா என்று காரே கேட்கும். டேங்கில் உள்ள பெட்ரோல் ஒரு வருடம் பழையதானால் அதை எரித்துத் தீர்க்கவும் செய்யும். பெட்ரோல் ஆவியாகாமலிருக்க டேங்கையே அழுத்தம் தாங்கும்படி மூடி அமைத்திருந்தார்கள். எஞ்சின் தேவைப்படாமலே போகலாம் என்பதை முன்கூட்டியே யோசித்துச் செய்த வேலை இது.

சார்ஜ் போடுவார்கள் என்ற நம்பிக்கைதான் இந்த வகைக் கார்களின் பலவீனம். ஐரோப்பிய ஆணையம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையில், கார்களிலேயே பதிவான தரவின்படி பிளக்-இன் ஹைபிரிட்களின் உண்மையான கரியமில வாயு வெளியீடு சோதனைக்கூடக் கணக்கைப்போல் மூன்றரை மடங்கு. பெட்ரோல் காசை அலுவலகம் கொடுக்கும் கம்பெனிக் கார் என்றால் யார் தினமும் கேபிளை எடுக்கப்போகிறார்கள்?

ஆகவே வீட்டில் சொந்தமாக நிறுத்துமிடமும் பிளக் பாயிண்டும் இருந்தால் என் ஓட்டு தயங்காமல் வோல்ட் வழிக்கு. தெருவில் நிறுத்துகிறவர், வாரத்தில் பாதி நாள் நெடுஞ்சாலையில் இருப்பவர் பிரியஸ் வழியில் போகலாம். அவருக்குச் சாதாரண ஹைபிரிட்டே போதும் என்றுகூடச் சொல்வேன்.

வோல்ட்டின் உற்பத்தி 2019-இல் நின்றுபோனது. பிரியஸோ தலைமுறைக்குத் தலைமுறை அதன் வழிக்கே வந்துகொண்டிருக்கிறது: 2017 மாடலில் 8.8 யூனிட், 40 கிலோமீட்டர். 2023 மாடலில் 13.6 யூனிட், சுமார் 70 கிலோமீட்டர்.