குழந்தைக்கு அரிசிக் கஞ்சி: வறுத்த மாவா, நொய்யா, மசித்த சாதமா?

ஆறு மாதம் முடிந்து திட உணவு ஆரம்பிக்கும்போது வீட்டுக்கு வீடு ஒரு யோசனை சொல்வார்கள். வறுத்து அரைத்த மாவு, நொய்க் கஞ்சி, குழைய வெந்த சாதம், கடை டப்பா என்று நாலு வழி இருக்கிறது. என் ஓட்டு மசித்த சாதத்துக்குத்தான், ஆனால் மற்றதற்கும் வேலை இருக்கிறது.

முதலில் மாவு. ஒரு கப் அரிசிக்குக் கால் கப் பாசிப்பருப்பு எடுத்துக் கழுவி, துணியில் பரப்பி நன்றாகக் காயவிட்டு, தனித்தனியாக வறுக்க வேண்டும். அரிசி வெளுத்து லேசாகப் பொரிய ஆரம்பித்ததும் இறக்கி, ஆறவிட்டு அரைத்துச் சலித்தால் தயார். மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்துக்கொண்டு அப்புறம் அடுப்பில் வையுங்கள், கொதிக்கிற தண்ணீரில் கொட்டினால் கட்டி தட்டிவிடும். பத்து நிமிடத்தில் கஞ்சி ரெடி என்பதால் வேலைக்குப் போகிற அம்மாக்களுக்கும் ஊருக்குக் கிளம்புகிறவர்களுக்கும் இது பெரிய உதவி.

ஆனால் இதில் ஒரு சிக்கல். மாவு தண்ணீரை ஏகமாக இழுக்கும். இரண்டு மேசைக்கரண்டி, அதாவது சுமார் 20 கிராம் மாவு, ஒரு டம்ளர் தண்ணீரையே கூழாக்கிவிடும். கிண்ணம் நிறைந்து தெரிந்தாலும் உள்ளே 70 கலோரிதான் இருக்கும். தாய்ப்பால் குடிக்கும் 6 முதல் 8 மாதக் குழந்தைக்கு உணவிலிருந்து மட்டும் ஒரு நாளைக்கு 200 கலோரி அளவுக்குத் தேவை, வயிறோ சின்னது. அதனால் ஒரு டீஸ்பூன் நெய் கட்டாயம் விடுங்கள், அதுவே 45 கலோரி. இதையும் நீர்க்கக் கரைத்துப் பாட்டிலில் ஊற்றிக் கொடுப்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். ஸ்பூனைச் சாய்த்தால் வழிந்து ஓடாத பதம் வேண்டும். சாதம் வடித்த கஞ்சித் தண்ணீரை ஒரு வேளை உணவாகக் கணக்கில் எடுக்கவே கூடாது.

நொய்யில் இந்தத் தொல்லை குறைவு. பாசிப்பருப்போடு குக்கரில் வைத்து நாலைந்து விசில் விட்டால் போதும், வறுக்கிற வேலையும் இல்லை. கடை நொய்யில் கல்லும் தூசியும் இருக்கும், பார்த்துப் புடைக்க வேண்டும். இல்லையென்றால் வீட்டு அரிசியையே மிக்ஸியில் ஒரு சுற்று விட்டுக்கொள்ளலாம். காய்ச்சல் விட்டு வாய் கசந்திருக்கும் குழந்தை இதைத்தான் விழுங்கும்.

மசித்த சாதத்தை நான் முன்னால் வைப்பதற்குக் காரணம், அதோடு எதையும் சேர்க்க முடியும் என்பதுதான். வீட்டுக்கு வைக்கிற புழுங்கலரிசிச் சாதம், வெந்த பருப்பு, ஒரு பிடி கீரை, எல்லாவற்றையும் உப்பு காரம் போடுவதற்கு முன்பே தனியாக எடுத்து மத்தால் கடைந்துவிடலாம். புழுங்கலரிசியில் வைட்டமின் பி1 சத்தும் பச்சரிசியைவிடக் கூடுதலாகத் தங்கும். ஆரம்பத்தில் மைய மசியுங்கள், எட்டு ஒன்பது மாதத்தில் கொஞ்சம் கொரகொரப்பாக விடுங்கள். எப்போதும் மிக்ஸியில் அரைத்தே பழகிய பிள்ளை பின்னால் மென்று தின்னச் சோம்பும்.

கடை டப்பாவுக்கு ஒரு நியாயம் உண்டு, பெரும்பாலானவற்றில் இரும்புச்சத்து சேர்த்திருப்பார்கள். பிறக்கும்போது கொண்டுவந்த இரும்புச்சத்து ஆறு மாதத்துக்கு மேல் குறைந்துவிடும், வெறும் அரிசி அதை ஈடுகட்டாது. அதற்காக டப்பாதான் வேண்டும் என்றில்லை. முட்டை, முள் நீக்கிய மீன், ஆட்டு ஈரல் பழக்கலாம். சைவம் என்றால் கீரைப்பருப்புச் சாதத்தில் இரண்டு சொட்டு எலுமிச்சை பிழியுங்கள், இரும்பு உடம்பில் ஒட்டும். இரும்புச்சத்துச் சொட்டு மருந்து தேவையா என்று டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். டப்பாவே வாங்கினாலும் சர்க்கரை எவ்வளவு என்று அட்டையைப் பார்த்து வாங்குங்கள்.

எந்தக் கஞ்சியானாலும் ஒரு வயது வரை உப்பு, சர்க்கரை வேண்டாம், தேன் தொடவே கூடாது. காலையில் வைத்ததை வெளியிலேயே வைத்திருந்து சாயங்காலம் சூடு பண்ணிக் கொடுக்காதீர்கள். வெந்த அரிசியில் வளரும் கிருமி விடுகிற நஞ்சு, திரும்பக் கொதிக்கவைத்தாலும் போகாது.