பழைய புரோட்டோனுக்கு எடை குறைந்த ஃப்ளைவீல்: கடைசல், குரோமோலி, அலுமினியம் – எதை மாட்டலாம்?

பழைய சாகா, விரா, சத்ரியா வைத்திருப்பவர்கள் கிளட்ச் மாற்ற கியர்பாக்ஸை இறக்கியதும் பட்டறையில் ஒரு கேள்வி எழும்: எப்படியும் கழற்றியாகிவிட்டது, ஃப்ளைவீலையும் (என்ஜினின் முக்கியச் சுழல் தண்டான கிரேங்கின் நுனியில் சுழலும், கிளட்ச் உரசும் கனமான சக்கரம்) எடை குறைந்ததாகப் போட்டுவிட்டால் என்ன? அந்த நேரத்தில் முன்னால் நிற்பவை நான்கு வழிகள். பழையதன் முகத்தை மட்டும் சாணை பிடித்துத் திரும்ப மாட்டலாம், அதையே லேத்தில் கடைந்து எடை குறைக்கலாம், குரோமோலி (குரோமியமும் மாலிப்டினமும் கலந்த) எஃகில் புதியது வாங்கலாம், அலுமினியத்துக்குப் போகலாம். கியர்பாக்ஸ் இறக்கி ஏற்றும் கூலி நான்குக்கும் ஒன்றுதான். அதன் பிறகு வண்டி நடந்துகொள்ளும் விதம்தான் வேறு.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஃப்ளைவீல் எடை குறைந்தால் குதிரைத்திறன் கூடாது. என்ஜின் தன் சொந்தச் சுழற்சியை ஏற்ற வீணாக்கும் விசை குறைகிறது, அவ்வளவுதான். அதன் பலன் எந்த கியரில் ஓட்டுகிறோம் என்பதைப் பொறுத்தது. 8 கிலோ ஃப்ளைவீலில் 3 கிலோவை, மையத்திலிருந்து 12 செ.மீ. தள்ளி எடுத்ததாக வைத்துக்கொள்வோம். முதல் கியரின் விகிதம் 3.4, ஃபைனல் டிரைவ் (கியர்பாக்ஸுக்குப் பிறகு வரும் கடைசிப் பற்சக்கர இணை) 4.0, டயரின் ஆரம் 28 செ.மீ. என்றால், முதல் கியரில் வேகமெடுக்கும்போது காரிலிருந்து ஏறத்தாழ 100 கிலோவை இறக்கி வைத்ததற்குச் சமம். மூன்றாம் கியர் 1.3 என்றால் அதே 3 கிலோவின் பலன் 15 கிலோதான். ஐந்தாம் கியரில் 6 கிலோகூட வராது. ஃபெடரல் நெடுஞ்சாலையில் ஐந்தாம் கியரில் போகிறவருக்கு இந்தச் செலவால் எதுவும் தெரியாது. உலு யாம் வளைவுகளில் இரண்டுக்கும் மூன்றுக்கும் மாற்றிக்கொண்டே ஓட்டுபவருக்கு நன்றாகத் தெரியும்.

இன்னொன்று, எடுத்த இடம். அதே 3 கிலோவை 6 செ.மீ. ஆரத்தில் எடுத்தால் பலன் நாலில் ஒரு பங்காகிவிடும். கடையில் ‘இத்தனை கிலோ குறைவு’ என்று சொல்வதை மட்டும் கேட்டு வாங்கக் கூடாது. ஓரம் மெலிந்திருக்கிறதா என்று கையில் வாங்கிப் பாருங்கள்.

பழையதையே சாணை பிடிப்பது

கார்புரேட்டர் வைத்த சாகா 1.3-க்கு (4ஜி13 என்ஜின்) எங்கள் பதில் இதுதான். சின்ன என்ஜினுக்குக் கீழ்ச்சுற்றில் இழுவை குறைவு. வண்டியை நகர்த்தும் நொடியில் ஃப்ளைவீலில் சேர்ந்திருக்கும் சுழல் ஆற்றல்தான் கைகொடுக்கிறது. தைப்பூசத்தன்று பத்துமலைப் பக்கம் குடும்பத்தோடு நகர்ந்து நகர்ந்து போகும் வண்டிக்கு எடை குறைந்த ஃப்ளைவீல் வேண்டவே வேண்டாம்.

முகத்தை லேத்தில் இழுக்காமல் சாணைக்கல்லில் தேய்க்கச் சொல்லுங்கள். சூடேறி நீலம் பாய்ந்த இடங்களில் வார்ப்பிரும்பு கெட்டிப்பட்டிருக்கும். லேத் உளி அந்த இடத்தில் ஏறி இறங்கி மேடு விட்டுவிடும். பிறகு கிளட்ச் விடும்போதெல்லாம் வண்டி உதறும். கிளட்ச் கவர் (பிளேட்டை ஃப்ளைவீலோடு அழுத்திப் பிடிக்கும் மூடி) உட்காரும் படி தனியாக உயர்ந்திருக்கும் வகை என்றால், முகத்தில் எடுத்த அதே அளவை அந்தப் படியிலும் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பிளேட்டின் மேல் கவரின் அழுத்தம் குறைந்து கிளட்ச் வழுக்கும்.

லேத்தில் கடைவது

நான்கில் எடை குறைக்கும் மிக மலிவான வழி இது. அதனால்தான் அதிகம் கெடுக்கப்படுவதும் இதுதான். கடையலாம், ஆனால் எங்கே என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. என்ஜினைப் பார்த்த பின்பக்கத்தில், வெளி ஓரத்துக்கு அருகே மட்டும் எடுக்க வேண்டும். கிளட்ச் பிளேட் உரசும் வட்டத்துக்கு நேர் பின்னால் உள்ள கனத்தைத் தொடக் கூடாது. ரிங் கியர் (ஸ்டார்ட்டர் பற்றித் திருப்பும் பல்வளையம்) உட்காரும் விளிம்பையும் கிரேங்க் போல்ட் துளைகளைச் சுற்றிய மேட்டையும் தொடக் கூடாது. உள்மூலைகளைக் கூராக விடாமல் உருட்டி விட வேண்டும். விரிசல் அங்கேதான் தொடங்கும். ஓட்டை ஓட்டையாகத் துளைத்து எடை குறைப்பதை அடியோடு மறந்துவிடுங்கள். ஒரு கிலோ, அதிகம் போனால் ஒன்றரைக் கிலோ: அதற்கு மேல் வார்ப்பிரும்பைக் கடைய நாங்கள் யாருக்கும் சொல்வதில்லை.

ஏன் இத்தனை கறார் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 14 செ.மீ. ஆரமுள்ள விளிம்பு நிமிடத்துக்கு 7,000 சுற்றில் விநாடிக்கு 100 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. சுழற்சியால் மட்டுமே அந்த விளிம்பில் 75 மெகாபாஸ்கல் அளவுக்கு இழுவிசை வரும். சாதாரணச் சாம்பல் வார்ப்பிரும்பு அறுவது 200, 250-இல். அதுவும் விரிசலில்லாத புது உலோகத்துக்கு. முப்பது வருடம் கிளட்ச் சூட்டில் வெந்து, முகமெல்லாம் மயிரிழைக் கீறல் விழுந்த ஃப்ளைவீலுக்கு அந்தக் கணக்கு செல்லாது. இழுவிசை சுற்றின் வர்க்கத்தில் ஏறுகிறது: 6,000-லிருந்து 8,000-க்குப் போனால் 1.78 மடங்கு. வெடித்தால் அலுமினிய பெல் ஹவுசிங் (கிளட்ச்சை மூடியிருக்கும் கூடு) அதைத் தடுக்காது, துண்டுகள் காலடிப் பக்கம் வரும். எனவே சத்ரியா ஜிடிஐயில் வரும் 4ஜி93பி போல உயர்ந்த சுற்றில் ஓடும் என்ஜினுக்குக் கடைந்த வார்ப்பிரும்பு கூடவே கூடாது. 1.5 விராவில் 6,000-ஐத் தாண்டாமல் ஓட்டுபவருக்குச் சரி. அதற்கும் கடைவதற்கு முன் சாய ஊடுருவல் சோதனையில் (சாயம் கீறலில் ஊறிக் காட்டிக்கொடுக்கும்) விரிசல் பார்த்துவிட வேண்டும்.

கடைந்தபின் பேலன்ஸ். 12 செ.மீ. ஆரத்தில் 10 கிராம் ஏறுக்குமாறாக இருந்தால், 6,000 சுற்றில் அது 48 கிலோ விசையாகக் கிரேங்கை ஒவ்வொரு சுற்றிலும் ஆட்டும். ‘லேத்திலேயே வட்டமாகத்தான் கடைந்தோம்’ என்ற பதிலை ஏற்காதீர்கள். ஃப்ளைவீலைத் தனியாகவும், பிறகு கிளட்ச் கவரோடு பூட்டியும் பேலன்ஸ் பார்த்து, இரண்டுக்கும் சேர்த்து ஒரு குறி போட்டு வாங்குங்கள். மாட்டும்போது குறி நேராக வர வேண்டும்.

குரோமோலி எஃகு

விரா 1.6, 1.8, ஜிடிஐ வைத்திருந்து நிஜமாகவே மாற்றம் வேண்டும் என்பவருக்கு இதைத்தான் சொல்வோம். உறுதியில் வார்ப்பிரும்பு இதற்குப் பக்கத்தில் வராது. அதனால் ஓரத்தை மெலிதாக்கினாலும் தாங்கும். முகம் தேய்ந்தால் மறுபடி சாணை பிடிக்கலாம். பழையதின் எடையில் 65, 70 விழுக்காடு உள்ளதை எடுங்கள். பாதிக்கும் கீழே போவது பந்தயக்காரர் வேலை.

குறை, சூடு. 8 கிலோவுக்குப் பதில் 5 கிலோ இருந்தால், அதே அளவு கிளட்ச் வழுக்கலுக்கு வெப்பநிலை ஒன்றரை மடங்கு ஏறும். பினாங்கில் பாயா தெருபோங்கிலிருந்து பாலிக் புலாவுக்கு ஜாலான் துன் சர்டோன் ஏறும்போது முன்னால் லாரி நின்று நின்று போனால், அரை கிளட்ச்சில் வண்டியைப் பிடித்து நிறுத்தும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். ஹேண்ட்பிரேக்கில் நிறுத்தி, 1,500 சுற்று கொடுத்து, கிளட்ச்சை ஒரே நிதானத்தில் விடுங்கள்.

பெயரில்லாத மலிவுச் சரக்கு ‘குரோமோலி’ என்ற ஒட்டுத்தாளோடு வருகிறது. நல்லதில் எல்லாப் பக்கமும் கடைசல் தெரியும். மணல் வார்ப்பின் சொரசொரப்பு எங்காவது தென்பட்டால் கீழே வைத்துவிடுங்கள். எஸ்எஃப்ஐ 1.1 (பந்தயப் பாகங்களுக்கான அமெரிக்கப் பாதுகாப்புத் தரம்) சான்று பொறித்தது கிடைத்தால் கூடுதல் விலை கொடுக்கலாம்.

அலுமினியம்

செபாங் ஓடுதளத்துக்கு மட்டும். அலுமினியத்தின் மேல் கிளட்ச் உரச முடியாது. எஃகுத் தகடு ஒன்றைத் திருகி வைத்திருப்பார்கள். அலுமினியம் சூட்டைத் தாராளமாகவே வாங்கிக்கொள்ளும், ஆனால் அந்தத் தகட்டைத் தாண்டித்தான் சூடு அதற்குப் போக வேண்டும். சூட்டில் எஃகைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரிவதும் அலுமினியம்தான். கோலாலம்பூர் ஜாமில் தகடு வளைந்து உதறல் தொடங்குவது இதனால்தான். தேய்ந்த தகட்டை மட்டும் மாற்றலாம் என்பது இதன் நல்ல பக்கம். கிளட்ச் கவர் போல்ட் துளைகளில் எஃகு மரை பதித்திருக்கிறதா என்று பாருங்கள்; வெறும் அலுமினிய மரை இரண்டு முறை கழற்றி மாட்டினால் உரிந்துவிடும்.

மாட்டும்போது

ஹாஃப்கட் கடையிலிருந்து (வெட்டி இறக்குமதியான பழைய கார்களின் பாகம் விற்கும் கடை) வந்தாலும் புதுப்பெட்டியிலிருந்து வந்தாலும், பழையதோடு பக்கத்தில் வைத்து ஒத்துப் பாருங்கள்: கிரேங்க் போல்ட் துளைகளின் எண்ணிக்கையும் வட்டமும், ரிங் கியர் பல் எண்ணிக்கை, கிளட்ச் விட்டம், டவல் பின் (இடம் பிசகாமல் நிறுத்தும் முளை) இடம், மொத்த உயரம். பல் எண்ணிக்கை மாறினால் ஸ்டார்ட்டர் அரைத்துக்கொண்டே இருக்கும். உயரம் மாறினால் கிளட்ச் முழுதாக விடாது, ரிவர்ஸ் போடும்போது கத்தும்.

ரிங் கியரைப் பழையதிலிருந்து மாற்றிப் பூட்டுவதென்றால் 200 டிகிரிக்குச் சற்று மேல் வரை அடுப்பில் சீராகச் சூடாக்கி இறக்க வேண்டும். கேஸ் விளக்கால் ஒரே இடத்தில் காட்டி நீலமாக்கினால் பற்களின் கெட்டித்தன்மை போய்விடும்.

கிரேங்கின் பின் ஆயில் சீலையும் ரிலீஸ் பேரிங்கையும் (மிதிக்கும்போது கிளட்ச் கவரை அழுத்தும் பேரிங்) அதே கையோடு மாற்றுங்கள். கிரேங்க் போல்ட்கள் புதிதாக இருக்கட்டும். துளை உள்ளே எண்ணெய் வரை போகிறதென்றால் மரையில் சீலன்ட் தடவ வேண்டும். உங்கள் என்ஜினின் கையேட்டில் உள்ள டார்க் அளவுக்கு, எதிரெதிர் வரிசையில், மூன்று கட்டமாக இறுக்குங்கள். பிறகு டயல் கேஜ் (ஆட்டத்தை அளக்கும் முள் கருவி) வைத்து முகத்தைச் சுற்றிப் பாருங்கள்: 0.1 மி.மீ.க்கு மேல் ஆடினால் கழற்றி, கிரேங்க் முகத்தில் துரு அல்லது பிசிறு இருக்கிறதா என்று தேடுங்கள். துருப்பிடிக்காமலிருக்கத் தடவிய எண்ணெயை பிரேக் கிளீனரால் துடைத்தபின்தான் பிளேட் உள்ளே போக வேண்டும்.

மாட்டியபின் வரும் புகார் எப்போதும் ஐட்லிங்தான் (ஆக்சிலரேட்டர் மிதிக்காதபோது என்ஜின் சுழலும் வேகம்). சிக்னலில் ஏர்கோன் கம்ப்ரசர் இழுக்கும் நொடியில் என்ஜின் அணைந்துபோகும். நம்மூர் வெயிலில் ஏர்கோனை நிறுத்திவிட்டு ஓட்டச் சொல்ல முடியாது. ஐட்லிங் 750-இல் இருந்தால் 850, 900-க்கு ஏற்றுங்கள். கார்புரேட்டர் வண்டியில் ஏர்கோன் போட்டதும் சுற்றை ஏற்றிவிடும் வேக்குவம் அமைப்பு வேலை செய்கிறதா என்று பாருங்கள். இன்ஜெக்‌ஷன் வண்டியில் திராட்டில் பாடியைக் கழுவி, ஐட்லிங் ஸ்டெப்பர் மோட்டாரைச் சோதியுங்கள். அதன் சுருள் ஷார்ட் ஆனால் இசியுவையும் (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) கூடவே கெடுக்கும். தொய்ந்த என்ஜின் மவுண்டிங்கை முன்கூட்டியே மாற்றாவிட்டால், ஃப்ளைவீல்தான் அதிர்கிறது என்று பழி விழும். நியூட்ரலில் கியர்பாக்ஸ் லேசாகக் கடகடத்து, கிளட்ச்சை மிதித்ததும் நின்றால் அது கோளாறு அல்ல. மிதித்த பிறகு சத்தம் தொடங்கினால் ரிலீஸ் பேரிங்கைப் பாருங்கள்.

முதல் 500 கிலோமீட்டர் ஊருக்குள் மட்டும் நிதானமாக ஓட்டி பிளேட்டை உட்கார விடுங்கள். அதன்பின் ஏர்கோன், ஹெட்லைட், பின்கண்ணாடி டிஃபாகர் மூன்றையும் போட்டு, ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பி ஐட்லிங்கை இன்னொரு முறை பாருங்கள். 700-க்குக் கீழே இறங்கினால் மறுபடி 50 சுற்று ஏற்றுங்கள்.